முத்திரை மட்டும் வேண்டுமாம்

ஒற்றைத் தலைவலியை இயற்கை முறையில் வராமலே தடுத்துவிடலாம் என்று சென்ற இதழில் எழுதியவர், கட்டுரையின் நடுவே ஒரு துருப்புச்சீட்டை இறக்கியிருக்கிறார். அமெரிக்க நரம்பியல் கழகமே 2012-இல் ஒரு மூலிகைக்கு முதல் தரச் சான்று கொடுத்துவிட்டதாம். ஆங்கில மருந்துகளோடு சரிக்குச் சமமாக அதை உட்கார வைத்துவிட்டதாம். இதற்குப் பிறகும் இயற்கை மருத்துவத்தை மூடநம்பிக்கை என்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். அந்த வரியைப் படித்ததும் அடுத்த வரியைத் தேடினேன். அடுத்த பத்தியிலும் இல்லை, அடுத்த பக்கத்திலும் இல்லை, கடைசியில் பெட்டி கட்டிப் போட்டிருந்த பரிந்துரைப் பட்டியலிலும் இல்லை. 2015-இல் என்ன நடந்தது என்பதை அவர் எழுதவே இல்லை.

அந்த மூலிகையின் பெயர் பட்டர்பர். ஐரோப்பாவின் ஆற்றோரங்களில், ஈரம் காயாத மண்ணில், பெரிய பெரிய இலைகளோடு வளரும் செடி. இதன் வேர்த்தண்டிலிருந்து எடுத்த சாற்றை ஜெர்மானிய நிறுவனம் ஒன்று பெடாடோலெக்ஸ் என்ற பெயரில் விற்றது. அதை வைத்து 245 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் 'நியூராலஜி' இதழில் வெளிவந்தது. நாளைக்கு இரண்டு வேளை 75 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குத் தலைவலி வரும் தடவைகள் 48 சதவீதம் குறைந்தன; போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26 சதவீதம். நல்ல முடிவுதான், நான் மறுக்கவில்லை. இதையும் இதைவிடச் சிறிய இன்னோர் ஆய்வையும் நம்பித்தான் 2012-இல் கழகம் பட்டர்பருக்கு 'ஏ' தரம் கொடுத்தது. அதே 2012-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டர்பர் பொருட்களைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. கல்லீரல் பாதிப்பு என்று அதன் கணக்குக்கு வந்திருந்தவை 40; அதில் இருவருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டியிருந்தது. பிறந்த வீடான ஜெர்மனியில் 2009-லேயே மருந்து என்ற அனுமதி பறிபோய்விட்டது. 2015-இல் அமெரிக்க நரம்பியல் கழகம், பட்டர்பரின் பாதுகாப்பைப் பற்றிய கவலையைச் சொல்லி, அந்த வழிகாட்டுதலையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, நண்பர் தூக்கிப் பிடித்திருக்கும் சான்றிதழ் கொடுத்தவர்களே ரத்து செய்துவிட்ட சான்றிதழ். 2012-ஐத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவருக்கு 2015 தட்டுப்படாமல் போனது எப்படி என்பதை அவர்தான் விளக்க வேண்டும். அந்த வழிகாட்டுதலைத் தேடினால் திரும்பப் பெற்ற செய்தியும் கிடைக்கிறது. அதோடு நிற்காமல், பரிந்துரைப் பெட்டியில் பட்டர்பரை மூன்றாவது இடத்தில் போட்டு, 'இணையத்தில் கிடைக்கும், மூன்று மாதம் தொடர்ந்து எடுக்கவும்' என்று வேறு எழுதியிருக்கிறார். வாதம் பிழைபட்டால் பரவாயில்லை, அடுத்த இதழில் சண்டை போட்டுக்கொள்ளலாம். பெட்டியை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கிற வாசகர்கள் இருக்கிறார்கள், ஐயா.

பட்டர்பரில் கல்லீரலைத் தாக்குவதாகச் சந்தேகிக்கப்படும் முதல் குற்றவாளி பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுக் கூட்டம். பூச்சிகள் தன்னைத் தின்னாமலிருக்கச் செடி தானே சமைத்துக்கொள்ளும் தற்காப்பு அது. எந்தத் தொழிற்சாலையும் கலந்ததில்லை, எந்த உரமும் தெளித்ததில்லை. நண்பர் மெச்சுகிற அத்தனை அர்த்தத்திலும் சுத்த இயற்கை. நம் ஊர்த் தரிசுகளில் முளைக்கும் தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் இதே வகை நச்சு உண்டு. 1975-இல் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு கிலுகிலுப்பை இனச் செடியொன்றின் விதையும் சேர்ந்து அறுவடையாகி, அதைச் சமைத்துச் சாப்பிட்ட பழங்குடி மக்களுக்கு வயிறு வீங்கியது, கல்லீரலின் சிறு நாளங்கள் அடைத்துக்கொண்டன. ஆய்வாளர்கள் பதிவு செய்த 67 பேரில் 28 பேர் இறந்துபோனார்கள். சாமைச் சோறு, சொந்த நிலத்து விளைச்சல். இயற்கை என்ற சொல்லையே மருந்துச் சீட்டாக நீட்டுகிறவர்கள் ஒருமுறையாவது சர்குஜாவைப் பற்றிப் படித்திருக்க வேண்டும்.

'நச்சு நீக்கிய பட்டர்பர் கிடைக்கிறதே' என்று பதில் வரும் என்று தெரியும். கிடைக்கிறது. அந்த நச்சை நீக்க அழுத்தத்தில் வைத்த கரியமில வாயுவைச் செலுத்திச் சாறெடுக்க வேண்டும்; பிறகு ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் அளந்து பார்க்க வேண்டும். அதாவது பொறியாளர், வேதியியலாளர், அளவைக் கருவி, இவர்களைத் தட்டிக் கேட்க ஓர் அரசு அமைப்பு. கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் 'ரசாயன மருத்துவம்' என்று காறித் துப்பியது இவர்களைத்தானே? அப்படி நீக்கி விற்ற சரக்கின் மேலேயே புகார்கள் வந்தன.

பட்டர்பர் வேலை செய்யவில்லை என்று எவரும் அதை நிறுத்தவில்லை. வேலை செய்தது, அதோடு சிலருடைய கல்லீரலிலும் கை வைத்தது. நரம்பின் போக்கை மாற்றும் அளவுக்கு வீரியமுள்ள பொருள் உடம்பின் மற்ற உறுப்புகளைக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகும் என்று எதிர்பார்க்க ஒரு நியாயமும் இல்லை. நம்மவர் இரண்டையும் கேட்கிறார்: மருந்தைப் போல வேலை செய்ய வேண்டும், ஆனால் மோரைப் போலச் சாதுவாக இருக்க வேண்டும். பக்க விளைவே இல்லாத பொருள் என்று அவர் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொல்கிற மற்றொரு செடியான ஃபீவர்ஃபியூவின் இலையை மென்றால் வாய்ப்புண் வரும், கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் இருக்க, அதிலும் பலர் பிள்ளை பெறும் வயதில் இருக்க, 'கர்ப்பம்' என்ற சொல் அந்த நீண்ட கட்டுரையில் ஓரிடத்தில்கூட வரவில்லை. அலோபதி மருந்துகளான வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்துதான். ஆனால் அது அந்தந்த மருந்தின் உறைக்குள் மடித்து வைத்த தாளில் அச்சாகி இருக்கிறது. இவருடைய கஷாயப் பொடிக்கு உறை உண்டு, தாள் கிடையாது.

செந்தூரம் ஒன்றையும் பெயர் சொல்லாமல் பரிந்துரைத்திருக்கிறார். 2008-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் ஏறினால் வரும் தொல்லைகளில் தலைவலியும் ஒன்று என்பதைச் சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிடுகிறேன்.

இனி பட்டியலில் உள்ள நல்லவர்களுக்கு வருவோம். ரைபோஃப்ளேவின் என்கிற பி2, மெக்னீசியம், கோஎன்சைம் க்யூ 10. இவற்றுக்கு ஆதாரம் உண்டு, சிறியதுதான், ஆனால் நேர்மையான ஆதாரம். பெல்ஜியத்தின் ஷோனன் குழு 1998-இல் 55 பேரிடம் நடத்திய ஆய்வில், நாளைக்கு 400 மில்லிகிராம் பி2 எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கின; போலி மாத்திரையில் 15 சதவீதம். மெக்னீசியத்தில் 1996-இல் வந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று பலன் என்றது. அதே ஆண்டு வந்த இன்னொன்று பலனில்லை என்றது. க்யூ 10-க்கு 42 பேர் கொண்ட ஓர் ஆய்வு. நரம்பியல் மருத்துவர்கள் பலர் இவற்றை எழுதித் தருகிறார்கள். எனக்கும் என் மருத்துவர் பி2 எழுதித் தந்ததுண்டு. நண்பர் நினைப்பதுபோல இதை யாரும் மறைத்து வைக்கவில்லை.

ஆனால் இந்த 400 மில்லிகிராமை அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 'பி2 நிறைந்த பாலும் கீரையும் தினசரி உணவில் இருந்தால் தலைவலி அண்டாது' என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் பி2 இருக்கும். ஷோனன் கொடுத்த அளவை எட்டத் தினமும் 200 லிட்டர் குடிக்க வேண்டும். ஆவின் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டால் ஆயிற்று. மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி2 ஒன்றரை, இரண்டு மில்லிகிராம். கடையில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் காப்ஸ்யூலில் 10 இருக்கலாம். 400 என்பது உணவின் அளவே இல்லை, மருந்தின் அளவு. அந்த மாத்திரையில் உள்ள பி2-வும் மாட்டு மடியிலிருந்து வருவதில்லை. பெரிய எஃகுக் கலன்களில் நுண்ணுயிர்களை வளர்த்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். மெக்னீசியம் சிட்ரேட் ஓர் உப்பு. இந்த இரண்டையும் எந்த அடிப்படையில் 'இயற்கை' என்ற கூடையில் போட்டு, ஆங்கில மருந்துகளை 'ரசாயனம்' என்ற கூடையில் போட்டார்? சீட்டு இல்லாமல் கிடைப்பது இயற்கை, சீட்டு கேட்பது ரசாயனம் என்பதைத் தவிர வேறு அடிப்படை எனக்குப் புலப்படவில்லை. ஒற்றைத் தலைவலியின் மருந்து வரலாற்றில் ஆக இயற்கையானவை எவை என்று கேட்டால் நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று எர்கோட்டமின்: ரை தானியக் கதிரில் பிடிக்கும் பூஞ்சையிலிருந்து வந்தது, அந்தப் பூஞ்சை இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கைகால்களை அழுக வைத்தது. மற்றது போடாக்ஸ்: ஒரு பாக்டீரியா சுரக்கும் நஞ்சு, உலகின் கொடிய நஞ்சுகளில் ஒன்று, 2010-இல் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டும் அவர் பட்டியலில் இல்லாதது ஏனோ.

தனித்தனியாக எடுப்பதைவிட எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் பலன் பெருகும் என்று ஒரு 'கூட்டுச் சூரணம்' வேறு சொல்கிறார். இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2004-இல் மைசல்ஸ் குழு, பி2 400 மில்லிகிராம், மெக்னீசியம் 300, ஃபீவர்ஃபியூ 100 என மூன்றையும் சேர்த்து ஒரு தரப்புக்குக் கொடுத்தது. எதிர்த் தரப்புக்கு வெறும் 25 மில்லிகிராம் பி2. சிறுநீர் மஞ்சளாகி, தாங்கள் உண்மையான மருந்தைத்தான் சாப்பிடுகிறோம் என்று அவர்களும் நம்ப வேண்டுமே, அதற்காக. மூன்று மாத முடிவில் பாதியாகக் குறைந்தவர்கள் ஒரு தரப்பில் 42 சதவீதம், மறு தரப்பில் 44. கூட்டணிக்குக் கிடைத்தது 42.

இந்த இடத்தில்தான் அவருடைய பெரிய ஆயுதத்தைப் பார்க்க வேண்டும்: அனுபவம். 'என்னிடம் வந்த ஆயிரக்கணக்கானோர் குணமடைந்தார்கள். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?' ஒற்றைத் தலைவலியைப் போல அனுபவத்தை ஏமாற்றும் நோய் குறைவு. அது ஏறும், இறங்கும். ஒரு மாதம் இரண்டு முறை, அடுத்த மாதம் ஒன்பது முறை, பிறகு காரணமே இல்லாமல் மூன்று. யாரும் இரண்டு முறை வந்த மாதத்தில் வைத்தியரைத் தேடிப் போவதில்லை. ஒன்பது முறை வந்த மாதத்தில்தான் போகிறார்கள். ஒன்பதுக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் ஒன்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்ற பிறகு தானாகவே தணிந்துவிடுகிறது. அந்த வயதில் எந்த வைத்தியர் கைராசியோடு உட்கார்ந்திருந்தாலும் பெயர் அவருக்கே. இதோடு நம்பிக்கையின் வேலையும் சேர்கிறது. எரினுமாப் என்ற புதிய ஊசி மருந்தை 955 பேரிடம் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், வெறும் போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே 26.6 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது. நான்கில் ஒருவருக்கும் மேல்! அந்தப் போலி ஊசியைக் குப்பியில் அடைத்து ஒரு பெயர் வைத்திருந்தால், நம் நண்பரின் அளவுகோலின்படி அதுவும் ஆயிரக்கணக்கானோரைக் குணப்படுத்திய அருமருந்து. உண்மை மருந்தின் கூடிய அளவில் 50 சதவீதம். 26.6-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளிதான் மருந்து. அந்த இடைவெளியை அளக்க எதிர்த் தரப்பு ஒன்று வேண்டும். திரும்பி வராத நோயாளிகளையும் தேடிப் பிடித்துக் கேட்கிற பொறுமை வேண்டும். அவரிடம் குணமாகாமல் போனவர்கள் வேறிடம் போயிருப்பார்கள். கட்டுரையில் அவர்களுக்கு இடமில்லை.

அலோபதி அனுபவத்தை மதிப்பதில்லை என்கிறாரே, ப்ரோப்ரனோலால் என்ற மாத்திரை தலைவலிக்கு வந்த கதையை அவர் கேள்விப்பட்டதுண்டா? ஜேம்ஸ் பிளாக் அதை இதய நோய்க்காக உருவாக்கினார். நெஞ்சுவலிக்காக அதைச் சாப்பிட்ட நோயாளிக்கு ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை 1966-இல் மருத்துவர்கள் கவனித்தார்கள். ஒரு நோயாளியின் அனுபவம். அதைக் கேட்டு அவர்கள் கட்டுரை எழுதிக் கடை விரித்துவிடவில்லை, போலி மாத்திரையோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். இன்று அது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கென்றே இருக்கிறது. காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. விலை சில ரூபாய். 'பன்னாட்டுக் கம்பெனிகளின் சதி' என்று எழுதிய பத்தியில் இந்த மாத்திரையை அவர் சேர்த்திருக்கவே முடியாது. இதில் எந்தப் பன்னாட்டுக் கம்பெனிக்கும் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை. லாபம் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் அவர் பரிந்துரைத்த இறக்குமதி டப்பாக்களின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டம், துணை உணவு விற்பவர் தன் சரக்கு பலன் தரும் என்று விற்பனைக்கு முன் நிரூபிக்க வேண்டியதில்லை என்று வழிவிட்டது. இந்தியாவில் இத்தகைய டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. உற்பத்தியாளரே மருந்தல்ல என்று எழுதி ஒட்டுவதை, நண்பர் மருந்து என்று எழுதி விற்கிறார்.

அவர் சொன்னதில் ஒன்று முழு உண்மை. வலி மாத்திரையை நினைத்தபோதெல்லாம் போட்டுக்கொள்வதே தலைவலியை வளர்க்கும். பெட்டிக்கடையிலிருந்து மருந்துக்கடை வரை கிடைக்கும் கூட்டு வலி மாத்திரைகளை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, தனிப் பாராசிட்டமாலை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும். இந்த எச்சரிக்கையைக் கண்டுபிடித்து எண்களோடு எழுதி வைத்தவர்களும் அதே நரம்பியல் மருத்துவர்கள்தான். ஆனால் இதிலிருந்து அவர் போய்ச் சேருமிடம் விசித்திரமானது: 'ஆங்கில மருத்துவம் வலியை அமுக்கத்தான் தெரிந்தது, வேரை அறியாது.' வலி வந்தபின் போடுவது ஒன்று, வராமல் தடுக்கத் தினமும் எடுப்பது வேறு. அமிட்ரிப்டிலின், ப்ரோப்ரனோலால், டோபிராமேட், நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ஃப்ளுனாரிசின் எல்லாம் தடுப்பு மருந்துகள். இவற்றின் பெயர்கூட அந்தக் கட்டுரையில் வரவில்லை. எதிராளியைப் பாதி மறைத்துவிட்டு மீதிப் பாதியை அடித்து வீழ்த்துவது சுலபம்.

வேர் என்று அவர் எதைச் சொல்கிறார்? பித்தம். குடலில் தேங்கிய கழிவு. நம் வீடுகளில் இதைப் பித்தத் தலைவலி என்பது வழக்கம்தான். வாந்தியெடுத்தால் மஞ்சளாக வருகிறது, வந்ததும் சிலருக்கு வலி தணிகிறது. பார்த்ததை வைத்துச் சொன்னார்கள், அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனமான ஊகம். ஆனால் வலி கிளம்பும்போதே இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடுகிறது, கூடவே குமட்டலும் வாந்தியும். இரைப்பை காலியானபின் மறுபடி மறுபடி ஓங்கரித்தால் பித்தநீர்தான் வரும். ட்ரைஜெமினல் நரம்பு முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கைச் சுரப்பதும், மூளையுறையின் ரத்த நாளங்கள் விரிவதும், வலிச் செய்தி மூளைத் தண்டுக்கு ஏறுவதும் பல பத்தாண்டு உழைப்பில் தெளிவானது. அதற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மொஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலசன் நால்வரும் 2021-இல் டென்மார்க்கின் மூளைப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தத் துணுக்கின் வாயிலை அடைக்கிற மருந்துதான் மேலே சொன்ன எரினுமாப். வேரைத் தேடிப்போய்ச் செய்த மருந்து வேண்டும் என்றால் அது இருக்கிறது, விலைதான் நம்மில் பலருக்கு எட்டாது. அந்த விலையைக் கண்டித்து எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுவதையும் நொச்சி இலை ஆவி பிடிப்பதையும் நான் கிண்டல் செய்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். இருட்டறையில் பற்றுப் போட்டுப் படுப்பது இதமாக இருக்கிறது, யாருக்கும் கெடுதலில்லை. அதையும் இதையும் முடிச்சுப் போடுவதுதான் கோளாறு. ஈரானில் இஞ்சிப் பொடியையும் சுமட்ரிப்டான் என்ற மருந்தையும் ஒப்பிட்ட ஆய்வை அவர் சுட்டியிருக்கிறார். அது வந்த வலியைத் தணிப்பதற்கான ஆய்வு. போலி மாத்திரைத் தரப்பே அதில் இல்லை. தடுப்புக்கு இஞ்சி உதவுமா என்று பிரேசிலில் போலி மாத்திரையோடு வைத்துச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் இல்லை. ஃபீவர்ஃபியூ கதையும் ஏறக்குறைய இப்படித்தான்: ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2015-இல் வந்த காக்ரேன் மதிப்பீடு, நல்ல பெரிய ஆய்வு ஒன்றில் போலி மாத்திரையைவிட மாதத்துக்கு 0.6 தலைவலி கூடுதலாகக் குறைந்தது என்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தலைவலி மிச்சம். யாருக்காவது அது போதும் என்றால் எடுத்துக்கொள்ளட்டும். 'வேரோடு அழிக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மருந்துகள் தோற்ற இடங்களையும் மறைக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அமிட்ரிப்டிலின், டோபிராமேட், போலி மாத்திரை மூன்றையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2017-இல் வந்தது. பலன் கண்டவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். போலி மாத்திரைதான் முதலிடம்! மருந்துக்குத் தலைகுனிவுதான். ஆனால் அதை அச்சிட்டு உலகுக்குச் சொன்னது யார்? அந்த மருந்துகளைத் தினமும் எழுதிக்கொண்டிருந்த அதே துறையினர். தன் கூட்டுச் சூரணம் தோற்றது என்று நம் நண்பரின் தரப்பிலிருந்து ஒரு வரியாவது இன்றுவரை வெளிவந்திருக்கிறதா? ஒருமுறைகூடத் தோற்காத வைத்தியம் என்றால் அதை யாரும் சோதித்ததில்லை என்றுதான் பொருள்.

அவரிடம் எதிர்பார்த்து, கிடைக்காமல்போன இன்னொன்றும் உண்டு. எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி அல்ல. நொடியில் உச்சத்துக்குப் போகும் இடி போன்ற வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கைகால் மரத்துப்போதலோ பேச்சுக் குழறலோ சேர்ந்த வலி, பிரசவமான சில வாரங்களில் வரும் புதுவிதமான வலி: இவற்றில் எதற்கும் மூன்று மாதச் சூரணம் விடையாகாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து பிறகு தலைவலி வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். ஆறு பக்கம் எழுதியவருக்கு இதற்கு ஆறு வரி கிடைக்கவில்லை.

அவர் பதில் எழுதுவதாக ஆசிரியர் சொன்னார். நல்லது. 2015-ஐப் பற்றி எழுதட்டும். அந்தச் செந்தூரத்தின் பெயரையும், அதில் ஈயம் எவ்வளவு என்ற ஆய்வகச் சீட்டையும் அச்சிடட்டும். பட்டர்பரை எந்த நிறுவனத்திடம் வாங்கச் சொன்னார், அதில் நச்சு இல்லை என்று யார் அளந்தார்கள் என்றும் சொல்லட்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: அந்தப் பெட்டியைப் பார்த்துப் பட்டர்பர் வாங்கியிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டுக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். கூடவே பி2-வும் எடுப்பவர்கள் குழம்ப வேண்டாம். அதில் சிறுநீர் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளாகும், அதனால் கெடுதலில்லை. கட்டாங்காப்பி நிறத்தில் போனாலோ, கண்ணின் வெள்ளை மஞ்சள் பூத்தாலோ, சோறு கண்டாலே குமட்டினாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு.